எரியாத பல்புக்கு நற்சான்றிதழ்

இடுப்பில் தொடங்கிய வலி கெண்டைக்கால் வரை இறங்கி, அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. குனிஞ்சான் கண் விழித்தும் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து கிடந்தபடியே இடது பக்கம் புரளலாமா, வலது பக்கம் புரளலாமா என்று யோசித்தான். இரண்டு பக்கமும் நாய் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் அசைந்தாலும் கடித்தது. கடைசியில் அவன் மனைவி வந்து முழங்காலை அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்து, அக்குளில் கையை விட்டு, பீரோவை நிமிர்த்துகிற மாதிரி அவனை நிமிர்த்தி வைத்தாள்.

“நேரா நில்லு.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

“அப்போ வீடுதான் சாய்ஞ்சிருக்கு.”

அவனுக்கும் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கச் சேர்ந்த பிறகு அது தூசியோடு தூசியாகப் போய்விட்டது. கோபம் வந்தால் மனைவியும் குனிஞ்சான் என்றுதான் கூப்பிட்டாள். கோபம் அவளுக்கு அடிக்கடி வந்தது.

முன்பெல்லாம் வேலை இவ்வளவு மோசமில்லை. லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி, நாலு எட்டு நடந்து, சரக்கு லிஃப்ட்டின் கூண்டில் தள்ளினால் போதும். கீழே அடுக்கினால் தரை ஈரத்தில் சிமெண்ட் கல்லாகிவிடும் என்பதால் மூட்டையெல்லாம் மூன்றாவது மாடிக்குப் போகும். கூண்டு நிறைந்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சை அமுக்குவான். பேட்டரிப் பெட்டியிலிருந்து கரண்டு கிளம்பி, கம்பி வழியாக மாடி ஏறி, மேலே ஒரு பல்பை எரிய வைக்கும். பல்பு எரிந்தால், அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நெம்புகோலை இழுப்பான். கூண்டு ஏறும். இவ்வளவுதான் சங்கதி. பேட்டரி, சுவிட்ச், கம்பி, பல்பு. சின்னப் பிள்ளை விளையாடப் பண்ணுகிற சாமான்.

ஸ்டூலில் இருந்தவன் குனிஞ்சானுடைய மனைவியின் தம்பி. உட்காரும் இடத்தை வைத்து அவனை எல்லோரும் மேல்மாடி என்றார்கள். ஒரு காலையில் குனிஞ்சான் சுவிட்சை அமுக்கிவிட்டுக் காத்திருந்தான். கூண்டு அசையவில்லை. மறுபடி அமுக்கினான். பிறகு லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டிக் கத்தினான்.

“மாப்ள! மூட்டை ஏத்தியாச்சு, இழு!”

“லைட்டு எரியல மாமா!”

“அதான் நான் வாயால சொல்றேனே!”

“வாய்க்கு இங்க பல்பு மாட்டலையே மாமா!”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விளக்கு எரியாமல் கூண்டைத் தூக்கினால் வேலை போய்விடும். அவனுக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருந்தவன், கீழே இருந்து யாரோ விசிலடித்ததைக் கேட்டு நெம்புகோலை இழுத்தான். இப்போது பேருந்து நிலையத்தில் கைக்குட்டை விற்கிறான்.

குனிஞ்சானுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தச் சுவிட்சின் மேல்தான் சந்தேகம். அதன் மூஞ்சியே சரியில்லை என்பது அவன் கட்சி. முஷ்டியை மடக்கி அதை ஒரு குத்துக் குத்தினான். விளக்கு எரியவில்லை, விரல் வீங்கியது. சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடி வந்தார்.

“அடப்பாவி, என்ன காரியம் பண்ணே! அது நிலையத்தோட சொத்துடா!”

ஊரில் இருக்கிற எல்லா மின்சுற்றுகளுக்கும் பழுது நிர்ணய நிலையம்தான் பொறுப்பு. சுவிட்சிலும் பல்பிலும் பேட்டரியிலும் நிலையத்தின் முத்திரை இருக்கும். முத்திரையை உடைத்து யாரும் எதையும் மாற்றக் கூடாது. எது பழுது என்று நிலையம் நிர்ணயித்த பிறகுதான் மாற்றலாம். நிலையம் இதுவரை செய்த ஒரே உருப்படியான வேலை, ஊர் முழுக்க எல்லா விளக்குக்கும் ஒரே அளவு பல்பு என்று விதி போட்டதுதான். அதுவும் வேறு அளவு பல்பு அவர்கள் அலமாரியில் வைக்க இடமில்லாததால் போட்டது என்று பேச்சு.

மேஸ்திரி புகார் கொடுத்தார். அன்றிலிருந்து மூட்டைகள் படி வழியாக ஏறின. அதாவது, குனிஞ்சானும் மற்றவர்களும் ஏறினார்கள், மூட்டைகள் சும்மா முதுகில் உட்கார்ந்து வந்தன. குனிஞ்சான் ஒவ்வொரு நடை ஏறி வரும்போதும் மேல்மாடி ஸ்டூலிலிருந்து மரியாதையாக எழுந்து நின்றான். அதைத் தவிர வேறு உதவி செய்ய அவனுக்கு விதியில் இடமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொன்னார். “இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் படியேறிச் சுமந்தா, குனிஞ்ச இடத்துலேயே நின்னுடுவே. அப்புறம் உன்ன நிமித்த எங்கிட்ட மருந்து இல்ல.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். 

“உன் தம்பி ஒரு இழுப்பு இழுத்தா என் இடுப்பு தப்பிச்சிடும்,” என்றான்.

“இழுப்பான். வேலை போகும். அப்புறம் நம்ம வீட்லதான் வந்து உக்காருவான். சம்மதமா?”

குனிஞ்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூட்டையே பரவாயில்லை என்று முடிவு செய்தான்.

*

நிலையத்து ஆட்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றினார்கள். சுவிட்சின் கண்ணைக் கட்டினார்கள். சாட்சிகளைப் பார்த்துவிடக் கூடாதாம். கம்பியைச் சுருட்டினார்கள். பல்பைப் பஞ்சில் வைத்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் கேட்டார்.

“இதைக் கடைசியாத் தொட்டது யாரு?”

கிடங்கே ஒரு அடி பின்னால் நகர்ந்தது. குனிஞ்சானால் பின்னால் நகர முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே அவன் மட்டும் முன்னால் நின்றான்.

“நீங்கதான் கடைசித் தொடுநர்,” என்று சட்டையில் ஒரு வில்லையைக் குத்தினார்கள். “விசாரணை முடியற வரைக்கும் தினமும் காலையில வரணும்.”

“மதியம்?”

“மதியம் நீங்க மூட்டை தூக்கலாம். அதுல நிலையம் தலையிடாது.”

நிலையம் பெரிய கட்டடம். வாசலில் பளிங்கில் வெட்டியிருந்தார்கள்: பழுது எங்கேயோ, நாம் அங்கேயே. உள்ளே பேட்டரிக்கு ஒரு பிரிவு, சுவிட்சுக்கு ஒரு பிரிவு, கம்பிக்கு ஒரு பிரிவு, பல்புக்கு ஒரு பிரிவு. ஒரு பிரிவுக்காரர் இன்னொரு பிரிவின் பொருளைப் பார்ப்பது ஒழுக்கக்கேடு. வராந்தாவில் எதிரே யாராவது பல்பு எடுத்துக்கொண்டு வந்தால் சுவிட்ச் பிரிவுக்காரர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

கடைசித் தொடுநர் என்பதால் ஒவ்வொரு சோதனைக்கும் குனிஞ்சான் உடன் இருக்க வேண்டும். சுவிட்ச் பிரிவில் ஒருவர் சுவிட்சை அமுக்கினார். அது அமுங்கியது. விட்டார். எழும்பியது. 

“அமுங்குது, எழும்புது. ஒரு சுவிட்சுகிட்ட வேற என்னய்யா எதிர்பார்க்கறீங்க?” என்று சான்று எழுதிவிட்டார். 

பேட்டரிப் பிரிவில் பேட்டரியைத் தராசில் வைத்தார்கள். எடை சரியாக இருந்தது. கம்பிப் பிரிவில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் இரண்டு கோடிக்கும் போனார்கள். 

“இங்க ஆரம்பிக்குது!” என்று ஒருவர் கத்தினார். 

“இங்க முடியுது!” என்று மற்றவர் கத்தினார். 

கம்பி நல்ல கம்பி.

பல்பு அதிகாரி மற்றவர்களைப் போல அவசரக்காரர் இல்லை. மெலிந்த உடம்பு, பளபளப்பான வழுக்கை. பல்பைக் கண்ணருகே வைத்தார், காதருகே வைத்தார், மெல்ல ஆட்டினார். உள்ளே கிலுகிலு என்று ஏதோ சத்தம் கேட்டது.

“உள்ள என்னமோ அறுந்து கெடக்குற மாதிரி சத்தம் வருதுங்களே?” என்றான் குனிஞ்சான்.

“வெளிய விழலையே?”

“இல்லைங்க.”

“அப்போ எல்லாம் உள்ளதான் இருக்கு. ஒண்ணும் குறையல.” கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்து, சான்று எழுதி, பல்புக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

*

விசாரணை மண்டபத்தில் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். இருட்டில்தான் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியும் என்பது விதி. மேசை மேல் நாலு பொருளையும் ஒன்றோடு ஒன்று இணைத்து வைத்திருந்தார்கள். சுவிட்ச் அமுங்கியபடியே இருந்தது. விளக்கு எரியவில்லை. இருட்டிலிருந்து நிலையத் தலைவரின் குரல் வந்தது. கனமான, நன்றாகச் சாப்பிட்ட குரல்.

“பேட்டரி நல்லது. சுவிட்ச் நல்லது. கம்பி நல்லது. பல்பு நல்லது. நல்லவை நான்கும் சேர்ந்த இடத்தில் கெட்டது எப்படி நடக்கும்? ஆகவே இந்த விளக்கு எரிகிறது என்று நிலையம் நிர்ணயிக்கிறது.”

கைதட்டல்.

“எரியலீங்களே ஐயா,” என்றான் குனிஞ்சான்.

“யார் அது?”

“கடைசித் தொடுநருங்க.”

“எரிகிற விளக்கு உங்களுக்கு எரியாத மாதிரி தெரிந்தால் அது கண் சம்பந்தப்பட்ட புகார். இங்கே எடுப்பதில்லை.”

“என் கண்ணு சரிங்க. இடுப்புத்தான்...”

“இடுப்பும் எடுப்பதில்லை.”

அன்று மதியம் குனிஞ்சான் மூட்டையோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றான். காலை எடுத்து வைக்கச் சொன்னான், கால் கேட்கவில்லை. பின்னால் வந்தவன், “ஏறுப்பா, ஏன் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறே?” என்றான். மேலிருந்து மேல்மாடி எட்டிப் பார்த்தான். ஒரு நிமிடம் நெம்புகோலைப் பார்த்தான். பிறகு அக்காவை நினைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது கீழ் வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டாள். அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். பகலெல்லாம் ஒரு வீட்டில் சமையல் வேலை, இருட்டின பிறகு மிஷின்.

“என்ன தம்பி, நாளுக்கு நாள் மடிஞ்சிட்டே போறீங்க? இன்னும் கொஞ்சம் போனா இஸ்திரி போட்டு அலமாரியில வெச்சிடலாம் போல.”

அவன் கதையைச் சொன்னான். அவள் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினாள்.

“எனக்குக் கரண்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. மிஷின் ஓடலேன்னா ஊசிய மாத்துவேன், ஓடலேன்னா பெல்ட்ட மாத்துவேன், அதுக்கும் ஓடலேன்னா ஒரு உதை விடுவேன்.” மிஷின் மேல் இருந்த விளக்கிலிருந்து பல்பைக் கழற்றினாள். அறை சட்டென்று கறுத்தது. “இதக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. நாளைக்குச் சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள துணி முடிக்கணும்.”

“கண்டிப்பாக் குடுத்துடறேன் அக்கா.”

*

மறுநாள் மண்டபத்தில் தலைவர் நேற்றைய நிர்ணயத்தை உறுதி செய்து பேசிக்கொண்டிருந்தபோது, குனிஞ்சான் இருட்டில் தடவித் தடவி மேசையருகே போனான். நிலையத்துப் பல்பைத் திருகி எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பல்பைத் திருகினான்.

பளிச்சென்று எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் மண்டபம் முழுவதும் தெரிந்தது. கம்பி அதிகாரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேட்டரி அதிகாரி மேசையில் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சுவிட்ச் அதிகாரி பக்கத்து நாற்காலிக்காரரின் டிபன் பெட்டிக்குள் கையை விட்டிருந்தார். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேசிக்கொண்டே கால்விரலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“அணை! அணை!” என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அலறினார்கள். குனிஞ்சானுக்கு எதை அணைப்பது என்று தெரியவில்லை. தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பல்பு அதிகாரி பாய்ந்து வந்து பல்பைப் பிடித்தார், சுட்டுக்கொண்டார், துண்டைப் போட்டு மூடித் திருகி எடுத்தார். இருட்டு திரும்பி வந்தது. மண்டபம் நிம்மதியாக மூச்சு விட்டது.

“அனுமதி இல்லாத வெளிச்சம்,” என்றார் தலைவர். “எந்தப் பிரிவின் சான்றில் இது எரிந்தது?”

“தையல்காரம்மா மிஷின் பல்புங்க. சும்மா எரிஞ்சிடுச்சு.”

“சும்மா எரிவதா? சான்று இல்லாமலா?”

பல்பு அதிகாரி சபையைப் பார்த்து, இல்லை, சபை இருக்கிற திசையைப் பார்த்துப் பேசினார். “நம் பல்பு சான்று பெற்றது, அடக்கமாக இருந்தது. இந்தப் பல்பு சான்று பெறாதது; எரிந்தது. இரண்டில் எது ஒழுங்கை மீறியது?”

“எரிஞ்சது!” என்றது இருட்டு.

“அப்போ ஐயா,” என்றான் குனிஞ்சான், “அந்தப் பழைய பல்புதானே கோளாறு?”

நாற்காலி ஒன்று கீழே விழுகிற சத்தம். பல்பு அதிகாரி மார்பைப் பிடித்துக்கொண்டார். “எங்க பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பழுதான பல்புகூட வெளிய போனதில்ல!”

“அது எப்படிங்க தெரியும்?”

“போயிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருப்போமே!”



தலைவர் நியாயமான மனிதர். “சந்தேகம் என்று வந்துவிட்டது. நடுநிலையாகச் சோதிப்போம். இந்த ஊரிலேயே நம்பகமான விளக்கு என் அறை விளக்கு. நான் பதவி ஏற்றதிலிருந்து அது ஒரு நாளும் அணைந்ததில்லை. இந்தப் பல்பை அங்கே மாட்டுவோம்.”

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கடைசித் தொடுநர், கையில் வெல்வெட் தலையணை, தலையணை மேல் பல்பு. பின்னால் தலைவர், அதிகாரிகள், வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைக்காரர். தலைவரின் அறையில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றி, சான்று பெற்ற பல்பை மாட்டினார்கள். சுவிட்சைத் தட்டினார்கள். 

எரியவில்லை.

தலைவர் மெல்ல முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி பரவியது, பரிசு விழுந்தவன் முகத்தில் பரவுகிற மாதிரி.

“என் அறையிலும் பழுது! இத்தனை வருடமும் நம் கண்ணில் படாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது!”

கைதட்டல் ஜன்னலை அதிரவைத்தது. உடனே அறையின் சுவிட்சுக்கு முத்திரை வைத்தார்கள். பக்கத்து அறை. நல்ல பல்பைக் கழற்று, சான்று பல்பை மாட்டு, தட்டு. எரியவில்லை. பழுது! முத்திரை! அடுத்த அறை. பழுது! கணக்குப் பிரிவு. பழுது! சாப்பாட்டு அறை. பழுது! நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து இவ்வளவு பழுதை யாரும் ஒரே மூச்சில் கண்டதில்லை. அதிகாரிகள் ஓட ஆரம்பித்தார்கள். கம்பி அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். பேட்டரி அதிகாரி பாதி வெட்டிய நகத்தோடு ஓடினார். கழிப்பறைக் கதவைத் தட்டினார்கள்.

“ஆள் இருக்கு!” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“பழுதும் இருக்கு, வெளிய வாங்க!”

கழற்றிய பல்புகளை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. அவை பழுதான இடங்களில் எரிந்து ஏமாற்றியவை. ஆதாரமாகப் பாதுகாக்க வேண்டும். ஒரு சாக்கில் போட்டு, சாக்கைக் கடைசித் தொடுநரின் முதுகில் ஏற்றினார்கள். கட்டடத்து லிஃப்ட்டின் விளக்கிலும் பழுது கண்டு லிஃப்ட்டையே நிறுத்திவிட்டதால், மேல்தளங்களுக்குப் படிதான். குனிஞ்சான் ஒரு கையில் தலையணையோடும் முதுகில் சாக்கோடும் ஏறினான். சிமெண்டை விட இது லேசு என்று அவன் இடுப்புக்குத் தோன்றவில்லை. இடுப்புக்குப் படி என்றால் படிதான்.

கட்டடம் முழுக்க இருண்டது. உள் வராந்தாக்களில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு, “யாரு?” “பழுது!” “இங்கயும் பழுது!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுவிட்ச் அதிகாரி தூணைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, அது பதில் சொல்லாததால் கோபித்துக்கொண்டு போனார்.

*

இறுதி நிர்ணயம் இருட்டு மண்டபத்தில் நடந்தது. இப்போது திரை தேவைப்படவில்லை, இருந்தாலும் போட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே, நாம் இந்தப் பல்பை ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோனோம். என் அறையில் அது எரியவில்லை. கடைநிலை ஊழியரின் அறையிலும் எரியவில்லை. பெரியவர் சின்னவர் என்று பார்க்கவில்லை. புகழ்ந்தாலும் எரியவில்லை, திட்டினாலும் எரியவில்லை. மற்றப் பல்புகளைப் பாருங்கள்! ஒரு நேரம் எரிகின்றன, ஒரு நேரம் அணைகின்றன. யார் சுவிட்சைத் தட்டினாலும் அவன் பக்கம் சாய்கின்றன. இவற்றை நம்பி ஓர் ஊர் எப்படி நடக்கும்? நான் இந்த நாற்காலியில் இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணமும் அதுதான்: யார் எதை அமுக்கினாலும் நான் அசைந்ததில்லை.”

யாரோ உணர்ச்சி தாங்காமல் மூக்கைச் சிந்தினார்கள்.

“ஆகவே இந்தப் பல்பை மாதிரிப் பல்பாக அறிவிக்கிறேன். இனி எல்லாப் பல்பும் இதனோடு ஒப்பிடப்படும். இதைப் போல் நடப்பது நல்ல பல்பு. மாறி நடப்பது பழுது.”

“மாறி நடக்கறதுன்னா எரியறதுங்களா ஐயா?” என்றான் குனிஞ்சான்.

“கடைசித் தொடுநர் சரியாகப் புரிந்துகொண்டார்,” என்றார் தலைவர். வில்லையைக் கழற்றிக்கொண்டு, முதுகில் தட்டி அனுப்பினார்கள். தட்டியது சரியாக வலிக்கிற இடத்தில்.

மாதிரிப் பல்பு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. நிலையத்து ஆட்கள் வீடு வீடாகப் போய் எரிகிற பல்புகளைக் கழற்றிக்கொண்டு, சான்று பெற்ற பல்புகளை மாட்டிவிட்டு வந்தார்கள். கிடங்குக்கும் வந்தார்கள். பேட்டரி, சுவிட்ச், கம்பி எல்லாவற்றையும் பழைய இடத்தில் மாட்டி, மேலே ஒரு சான்று பெற்ற பல்பைத் திருகினார்கள். எரியவில்லை, திருப்தியாகத் தலையாட்டினார்கள். சுவரில் புது விதியை ஒட்டினார்கள்: விளக்கு எரியாதிருப்பதே கூண்டைத் தூக்குவதற்கான அறிகுறி. எரிந்தால் உடனே நிறுத்தி நிலையத்துக்குத் தெரிவிக்கவும்.

மேல்மாடி விதியைப் படித்தான். பல்பைப் பார்த்தான். எரியவில்லை. நெம்புகோலை இழுத்தான். கூண்டு சும்மா ஏறியது. இறக்கினான். பல்பைப் பார்த்தான். எரியவில்லை. இழுத்தான்.

“மாமா! இது நிக்கவே மாட்டேங்குது மாமா!”

“நிறுத்தாதடா மாப்ள! நிறுத்தாதே! நான் போடறேன்!”

குனிஞ்சான் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு இடுப்பு குலுங்கச் சிரித்தான்; வலித்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தான். கூண்டு கீழே தொடும்போதெல்லாம் அதில் மூட்டையைத் தள்ளினான். நிறைந்ததோ இல்லையோ, அது கிளம்பிவிடும். ஒரு தடவை மூட்டையோடு சேர்ந்து மேஸ்திரியும் மேலே போய்விட்டார். இறங்கி வந்த கூண்டில் அவர் இன்னும் இருந்தார். குதிப்பதற்குள் மறுபடி போய்விட்டார். போகிற போக்கிலேயே ஆட்களுக்கு வேலை சொன்னார். லாரிகள் வந்த வேகத்தில் காலியாயின. மூட்டை இல்லாத நேரத்தில் கூண்டு காற்றை ஏற்றி இறக்கியது. மேல்மாடி சாப்பிடக் கீழே வர வழியில்லை. நிறுத்தச் சொல்லி விளக்கு எரிய வேண்டுமே. அவன் அக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கூண்டில் வைத்தாள். மேலே அவன் அதை எட்டி எடுத்துக்கொண்டு, ஒரு கையால் தின்று, ஒரு கையால் இழுத்தான்.

“குழம்பு எப்படிடா?” என்று குழிக்குள் கத்தினாள்.

“உப்பு இல்லக்கா!”

உப்பு அடுத்த நடையில் போனது.

படி ஏறாததால் குனிஞ்சானின் வலி கெண்டைக்காலை விட்டு ஏறி, தொடைக்கு வந்து, ஒரு காலையில் இடுப்பிலும் இல்லாமல் போயிற்று. தானே எழுந்து நின்றான். மனைவி முழங்காலைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்று அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“இவ்வளவு உசரமா நீ?”

எவ்வளவு நிமிர்ந்தாலும் கிடங்கில் பெயர் மட்டும் குனிஞ்சான்தான்.

நிமிர்ந்த முதுகோடு படி இறங்கினபோதுதான் கீழ் வீட்டு வாசல் கண்ணில் பட்டது. தையல்காரம்மா மிஷினை அறையிலிருந்து இழுத்து வாசலில் போட்டிருந்தாள். சமையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மாடிச் சுவரின் நிழல் மிஷின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நிழல் ஏற ஏற அவள் மிஷினைத் தெருப்பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

“நிமிந்துட்டீங்க போல,” என்றாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமாக்கா.”

“என் பல்பு?”

அவன் நிலையத்துக்குப் போனான். பல்பு அதிகாரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய பல்பு ஒரு ஜாடியில் அடைத்த பஞ்சுக்குள் இருந்தது. 

“எரிந்த குற்றம் நிரூபணமான பல்பு. திருந்தினா விட்டுடுவோம். தினமும் மாட்டிப் பார்க்கறோம். இன்னிக்குக் காலையிலயும் எரிஞ்சது,” என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

வருகிற வழியில் கடையில் ஒரு பல்பு வாங்கினான். கடைக்காரர் அதை மாட்டி, எரியவில்லை என்று காட்டி, சான்றோடு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வேறு மாதிரிப் பல்பு இருக்கிறதா என்று குனிஞ்சான் மெதுவாகக் கேட்டான். கடைக்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, போய்விடச் சொல்லிக் கை காட்டினார்.

தையல்காரம்மா சான்று பல்பை வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். கிலுகிலு என்றது. அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிஷினைத் தெருப்பக்கம் இன்னும் ஒரு முழம் இழுத்தாள். குனிஞ்சான் மறுபக்கம் பிடித்துத் தூக்கினான். முதுகு வலிக்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு அவன் எரிகிற பல்பு ஒன்று தர வேண்டும். இன்னும் தரவில்லை.